அழுகல் பயறும் தோசை மாவும்: சோயா புண்ணாக்கைப் புளிக்க வைப்பது எதற்காக?

பர்மாவின் ஷான் மலைநாட்டில், தவுன்ஜி பக்கத்துச் சந்தைகளில் பழுப்பு நிறத்தில் வட்டவட்டமாக அடுக்கி வைத்து விற்பார்கள். கையில் எடுத்தால் அப்பளம் மாதிரிதான் இருக்கும். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் அப்பளம் இல்லை என்று தெரிந்துவிடும். பர்மியர்கள் அதைப் பெபொக் என்பார்கள். பெ என்றால் பயறு, பொக் என்றால் அழுகியது. வைத்த பெயரே அழுகல் பயறு! சோயாவை வேகவைத்து, கூடையில் இலை போட்டு மூடி, இரண்டு மூன்று நாள் விட்டு, நொசநொசவென்று ஆனதும் இடித்து, வட்டமாகத் தட்டிக் காயவைத்தால் பெபொக்.

ஷான் மலைநாட்டுக்குக் கடல் வெகுதூரம். கீழ்ப் பர்மாவில் குழம்புக்குக் குழம்பு விழுகிற ஙப்பி, அதாவது மீனையோ இறாலையோ உப்பிட்டுப் புளிக்க வைத்த விழுது, அங்கே சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. அந்த இடத்தை இந்தப் பயறு பிடித்துக்கொண்டது. மீன் இல்லாத ஊரில் சோயாவைப் புளிக்க வைத்து மீனின் வேலையை அதனிடம் வாங்கிக்கொண்டார்கள். இன்று கோழித் தீவனமும் பன்றித் தீவனமும் செய்கிறவர்கள் மீன்தூளின் விலையைப் பார்த்துவிட்டுச் சோயா புண்ணாக்கைப் புளிக்க வைக்கிறார்களே, அதுவும் இதே கணக்குத்தான். ஷான் பாட்டிகள் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இதை நான் யோசிக்க ஆரம்பித்தது பெகுவில், என் மாமாவின் கோழிக்கொட்டகையில். அவர் குஞ்சு வளர்த்துக் கைமாற்றுகிறவர். 2021-க்குப் பிறகு பர்மியப் பணமான கியாட்டின் மதிப்பு விழ விழ, வெளியிலிருந்து வருகிற சோயா புண்ணாக்கும் மீன்தூளும் அவர் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டே இருந்தன. யாரோ சொல்லி, ஒரு நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் புண்ணாக்கைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, வீட்டுத் தோசை மாவில் ஒரு கரண்டி விட்டு மூடி வைத்திருந்தார். மூன்றாம் நாள் திறந்தார். முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “மாப்பிள்ளை, இது புளிச்சிருக்கா, கெட்டுப்போச்சா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, முதலில் சோயா புண்ணாக்கில் என்ன குறை என்று பார்க்க வேண்டும்.

நாம் புண்ணாக்கு என்றாலும் இது செக்கில் ஆட்டிய புண்ணாக்கு இல்லை. சோயாவைத் தட்டையாக நசுக்கி, ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் எண்ணெயைக் கழுவி எடுத்து, மிச்சத்தை நீராவியில் வறுத்தெடுத்த தூள். புரதம் நூற்றுக்கு 44 முதல் 48 வரை. தீவனக்காரர்கள் இதன் பின்னால் ஓடுவது அந்த எண்ணுக்காக மட்டும் இல்லை. நம்முடைய மக்குவே, மண்டலே பக்கத்து நிலக்கடலைப் புண்ணாக்கிலும் புரதம் கிட்டத்தட்ட அவ்வளவு உண்டு. ஆனால் குஞ்சு சதை வைக்க அவசியமான லைசின் என்ற அமினோ அமிலம் நிலக்கடலையில் குறைவு, எள்ளுப் புண்ணாக்கில் இன்னும் குறைவு. சோயாவில் தாராளம். மக்காச்சோளத்தில் இல்லாததைச் சோயா கொடுக்கிறது. அதனால்தான் சோளமும் சோயாவும் சேர்ந்த குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு 30-க்கு மேல் சோயாவே நிற்கும். சோயாவில் குறைவது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். அது எள்ளில் நிறைய இருக்கிறது. எள் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு இந்த ஜோடியை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் பழைய குறை. சரி, அது வேறு கதை.

சோயாச் செடி தன் விதையைக் கோழிக்காகச் செய்யவில்லை. தின்ன வருகிற பூச்சிக்கும் விலங்குக்கும் அது செரிக்கக் கூடாது என்று உள்ளே சில பூட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறது. பச்சைச் சோயாவைத் தின்ற எலிகள் சரியாக வளரவில்லை, வேகவைத்துக் கொடுத்ததும் வளர்ந்தன என்று அமெரிக்காவில் ஆஸ்பர்ன், மெண்டல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1917-லேயே எழுதிவிட்டார்கள். காரணமான பொருள்களில் முக்கியமானதைக் குனிட்ஸ் என்பவர் 1940-களில் படிகமாகவே பிரித்தெடுத்தார். அதற்கு டிரிப்ஸின் தடுப்பான் என்று பெயர். டிரிப்ஸின் என்பது கணையம் சுரக்கிற, புரதத்தை வெட்டுகிற நொதி. தடுப்பான் போய் அதன் வெட்டுவாயை அடைத்துக்கொள்கிறது. குடலில் டிரிப்ஸின் போதவில்லை என்று உடம்பு நினைத்து, கணையத்தை இன்னும் சுரக்கச் சொல்கிறது. கணையம் வீங்குகிறது. கொடுமை என்னவென்றால், அந்தச் சுரப்பில் மெத்தியோனின் முதலான, கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் அதிகம். சோயாவில் ஏற்கெனவே குறைவாக இருப்பதும் அவைதான். இருக்கிற கொஞ்சமும் எச்சத்தோடு வெளியே போகிறது. கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குவது மாதிரி.

வறுத்தால் இந்தப் பூட்டு பெரும்பாலும் திறந்துவிடும். ஆலைகள் அதற்காகத்தான் நீராவி விடுகின்றன. குறைவாக வறுத்தால் தடுப்பான் மிஞ்சும், அதிகமாக வறுத்தால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு யாருக்கும் பயன்படாமல் போகும். சோறு அடிப்பிடிக்கும்போது வருகிற பழுப்பு நிறம் இருக்கிறதே, அதே வேலைதான். அதனால் மூட்டையைப் பிரித்ததும் தூள் கருத்திருந்தால் ‘நல்லா வெந்திருக்கு’ என்று சந்தோஷப்படக் கூடாது. காசு கொடுத்து வாங்கிய லைசின் எரிந்துபோய்விட்டது என்று அர்த்தம்.

வறுத்தாலும் அசையாத பூட்டுகள் மூன்று இருக்கின்றன. புளிக்க வைப்பதற்கு வேலை வருவது அங்கேதான்.

ஒன்று, ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். புண்ணாக்கில் இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 5, 6 இருக்கும். இவற்றை உடைக்கிற நொதி கோழிக்கும் கிடையாது, பன்றிக்கும் கிடையாது, நமக்கும் கிடையாது. மொச்சையும் கடலையும் தின்றுவிட்டு வயிறு உப்பி உட்காருகிறோமே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்தக் குடும்பம்தான். சிறுகுடலில் செரிக்காமல் கீழே போய் அங்குள்ள கிருமிகளுக்குத் தீனியாகின்றன. காற்று, இளகிய எச்சம், ஈரமான கொட்டகைத் தரை. ஈரத் தரை என்றால் குஞ்சின் காலில் புண்.

இரண்டு, கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்ற பெரிய புரதங்கள். சோயாவின் சேமிப்புப் புரதத்தில் பெரும்பங்கு இவைதான். வளர்ந்த விலங்குக்கு இவற்றால் தொல்லை இல்லை. தாய்ப்பால் மறக்கடித்த பன்றிக்குட்டிக்குத்தான் ஆபத்து. மூன்று நான்கு வாரக் குட்டியின் குடல் இவற்றை அன்னியன் என்று எண்ணிச் சண்டைக்குப் போகிறது. பஞ்சு இழை மாதிரி நீண்டிருக்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மொட்டையாகின்றன. அப்புறம் என்ன தின்றாலும் கழிச்சல். மாமாவின் பக்கத்துக் கொட்டகையில் பன்றி வளர்க்கிற, கரேன் இனத்து அம்மா ஒருவர், பால் மறக்கடித்த முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் குட்டி பிழைத்தது என்பார். அவர் அனுபவத்தில் கண்ட இரண்டு வாரத்துக்குப் பின்னால் இந்தக் காரணமும் இருக்கிறது.

மூன்று, ஃபைட்டேட். புண்ணாக்கில் இருக்கிற பாஸ்பரஸில் பாதிக்கு மேல் இதற்குள்தான் சிறைப்பட்டிருக்கிறது. துத்தநாகத்தையும் கால்சியத்தையும்கூட இது சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் இது ஒன்றுக்காகப் புளிக்க வைக்க வேண்டியதில்லை. இதை உடைக்கிற ஃபைட்டேஸ் நொதி 1991 முதல் பொடியாகவே விற்பனைக்கு வந்துவிட்டது. டன்னுக்குச் சில நூறு கிராம் கலந்தாலே போதும்.

புளிக்க வைப்பது என்றால் அடிப்படையில் இதுதான்: கோழி வயிற்றுக்குள் நடக்க வேண்டிய வெட்டும் வேலையில் ஒரு பங்கை, வெளியே டிரம்மில் வைத்து நுண்ணுயிர்களிடம் குத்தகைக்கு விடுகிறோம். அவை முதலில் அந்த இரண்டு சர்க்கரைகளைத் தின்றுவிடுகின்றன. பிறகு நொதிகளைச் சுரந்து பெரிய புரதங்களைத் துண்டுதுண்டாக வெட்டுகின்றன. வறுத்ததில் தப்பிய டிரிப்ஸின் தடுப்பானும் அந்த வெட்டில் மாட்டிக்கொள்கிறது. குட்டிக் குடலுக்கு அன்னியனாகத் தெரிந்த கிளைசினின், சின்னச் சின்னப் பெப்டைடுகளாகப் போய் இறங்கும்போது அடையாளம் தெரிவதில்லை.

இங்கே ஒரு கணக்கு விளையாட்டைச் சொல்லியாக வேண்டும். ‘புளிக்க வைத்தால் புரதம் கூடும், 46 இருந்தது 51 ஆகும்’ என்று விற்பவர்கள் சொல்வார்கள். எண் பொய் இல்லை. சொல்கிற விதம்தான் கோணல். நம் ஊர் அளவிலேயே போட்டுப் பார்ப்போம். (பர்மாவில் இன்றும் வழங்குகிற, 1.63 கிலோ எடையுள்ள விஸ் என்கிற அளவின் பெயர் நம் வீசையிலிருந்து போனதுதான். ஊரில் மறந்துவிட்டோம், இங்கே எடைக்கல்லில் உயிரோடு இருக்கிறது.) ஈரமில்லாத புண்ணாக்கு 100 வீசை, அதில் புரதம் 46 வீசை என்று வைத்துக்கொள்ளுங்கள். நுண்ணுயிர்கள் சர்க்கரையை எரித்துக் கரியமில வாயுவாக ஊதித் தள்ளியதில் மொத்தம் 10 வீசை காற்றோடு போய்விட்டது. மிச்சம் 90. புரதம் அதே 46. நாற்பத்தாறைத் தொண்ணூறால் வகுத்தால் நூற்றுக்கு 51. ஒரு பொட்டுப் புரதமும் புதிதாக வரவில்லை. மற்றது கரைந்ததில் இது பெருத்துத் தெரிகிறது. நாம் 10 வீசையை இழந்துதான் இந்த 51-ஐ வாங்கியிருக்கிறோம். விலை பேசும்போது அந்த 10 வீசையும் கணக்கில் வர வேண்டும்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேராக அளப்பதில்லை. 1883-இல் டென்மார்க்கில் கெல்டால் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். அமோனியாவில் இருக்கிற நைட்ரஜனும், யாராவது கலந்த யூரியாவின் நைட்ரஜனும் அந்தக் கணக்கில் புரதமாகவே தெரியும். ஆகவே புளித்த புண்ணாக்கு வாங்குகிறவர் மூட்டையில் அச்சிட்ட புரத எண்ணை மட்டும் பார்ப்பது வீண். கரையும் புரதம் எவ்வளவு, லைசின் எவ்வளவு, ஸ்டாக்கியோஸ் மிச்சம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

இப்போது தோசை மாவுக்கு வருவோம். பர்மியர்கள் தெருக்கடையில் ‘தோஷே’ என்று கேட்டு வாங்கித் தின்கிற தோசையின் மாவைப் புளிக்க வைப்பது லியுகோனாஸ்டாக் முதலான லாக்டிக் வகைப் பாக்டீரியாக்கள். காற்று அதிகம் வேண்டாம். சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். மாவு புளிக்கும், கெட்ட கிருமி அண்டாது. பெபொக் செய்வது வேறு சாதி: பேசில்லஸ் சப்டிலிஸ். இலையிலும் வைக்கோலிலும் விதைத்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் சாகாத உறை அதற்கு உண்டு. காற்று வேண்டும், சூடு வேண்டும். புளிப்பு வராது, காரத்தன்மை ஏறும், நூல் நூலாக இழுபடும், அமோனியா வாடை வரும். ஜப்பானியரின் நாட்டோவும் நேபாளத்தின் கினேமாவும் மணிப்பூரின் ஹவாய்ஜாரும் இதன் உறவுகள்தான்.

தீவனத்துக்கு எது நல்லது? புரதத்தை வெட்டுவதில் பேசில்லஸ் கெட்டிக்காரன். தோசை மாவுக் கூட்டத்துக்கு அதில் கை அவ்வளவு வராது. சர்க்கரையைத் தின்னும், அமிலம் செய்யும், தீவனம் கெடாமல் காக்கும், அவ்வளவுதான். அதனால் பெரிய ஆலைகள் பல இரண்டையும் அடுத்தடுத்து விடுகின்றன. முதலில் காற்றோட்டமாகப் பேசில்லஸையோ, சோயா சாஸ் செய்கிற ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சணத்தையோ விட்டு வெட்டச் சொல்வார்கள். பிறகு மூடி வைத்து லாக்டிக் வகையைப் புளிக்க விடுவார்கள். மூடுகிற பையில் உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று உள்ளே வர முடியாது என்கிற ஒருவழி வால்வு இருக்கும்.

வீட்டளவில் செய்கிறவர்களுக்குச் சிக்கல் ஈரத்திலேயே ஆரம்பிக்கும். தண்ணீரும் தூளும் கிட்டத்தட்டச் சரிபாதி, நூற்றுக்கு 40 முதல் 50 ஈரம். அளக்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் வரக் கூடாது. கையை விரித்தால் கொழுக்கட்டை மாதிரி உருண்டை நிற்க வேண்டும். விரலால் தொட்டால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் அழுகும், உருண்டை நிற்காவிட்டால் புளிக்காது. அடுத்தது சூடு. நுண்ணுயிர் வேலை செய்யும்போது குவியல் தானே சூடேறும். லாக்டிக் வகைக்கு 37 டிகிரி பக்கம் சொர்க்கம். குவியலின் நடுவே 45-ஐத் தாண்டிவிட்டால் அதில் பலதும் செத்துவிடும், வேண்டாதது தலையெடுக்கும். பெகுவின் ஏப்ரல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு டிரம் 45-ஐத் தொடப் பெரிய முயற்சி எதுவும் வேண்டியதில்லை. பேசில்லஸ் வகை என்றால் தட்டில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும்.

நேரமும் அப்படித்தான். இரண்டு மூன்று நாளில் நிறுத்த வேண்டும். சர்க்கரை தீர்ந்த பிறகும் விட்டுவைத்தால், பேசில்லஸ் அமினோ அமிலத்தையே விறகாக எரிக்க ஆரம்பிக்கும். மூக்கைத் துளைக்கிற அமோனியா அந்த விறகின் புகை. நம் காசுதான் அப்படிக் காற்றில் போகிறது.

‘பூஞ்சணம் பிடித்தாலும் புளித்ததுதானே’ என்று ஒரு வாதம் கேட்டிருக்கிறேன். இது விபரீதம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் பெயர் தெரியாத நோயில் செத்தன. தேடிப் போனதில் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சணத்தின் நஞ்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வைத்தார்கள். சோயா சாஸ் செய்கிற ஒரைசேவும் இந்த ஃபிளேவஸும் நெருங்கிய பங்காளிகள். ஒன்று காலம் காலமாக மனிதன் கையில் பழகி நஞ்சை விட்டது, மற்றது விடவில்லை. கண்ணால் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. ஆகவே பூஞ்சண வகையில் செய்வதென்றால் நம்பகமான பூஞ்சண வித்து வாங்கித்தான் செய்ய வேண்டும், தானாக வந்ததை நம்பக் கூடாது. பூத்துப்போன பழைய புண்ணாக்கைப் புளிக்க வைத்துத் தேற்றிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். போடுகிற சரக்கு நன்றாக இருந்தால்தான் வருகிற சரக்கு நன்றாக இருக்கும்.

இதிலெல்லாம் தேறியவர்களும் தடுக்கி விழுகிற இடம் காயவைப்பது. கீழ்ப் பர்மா மழைக்காலத்தில் துணியே நாலு நாள் காயாது. ஈரப் புண்ணாக்கு எங்கே காயும்? அவசரப்பட்டு வாணலியில் போட்டு வறுத்தால், வெட்டிப் பிரித்த அமினோ அமிலங்கள் பெரிய புரதத்தில் இருந்ததைவிட வேகமாகச் சர்க்கரையோடு ஒட்டிப் பழுப்பாகும். மூன்று நாள் பாடுபட்டுத் திறந்த லைசினை அரைமணியில் மறுபடி பூட்டியதாக ஆகும். 60 டிகிரிக்கு மேல் போகாமல் நிதானமாக உலர்த்த வேண்டும் என்பார்கள். அதற்கு விறகோ மின்சாரமோ வேண்டும். இங்கே மின்சாரம் வருவதும் போவதும் நமக்குத் தெரிந்த கதை. லாக்டிக் வகைப் பாக்டீரியா உலர்த்தும்போது பெரும்பாலும் செத்தும் போகும். பேசில்லஸ் தன் உறைக்குள் புகுந்து தப்பித்துக்கொள்ளும். ‘உயிருள்ள நல்ல கிருமி’ என்று சொல்லி விற்கிற உலர் பொடியில் எந்த இனம் என்று பார்ப்பது இதனால்தான். சின்னப் பண்ணைக்கு என் யோசனை, காயவைக்கவே வேண்டாம். இரண்டு நாள் தேவைக்கு மட்டும் புளிக்க வைத்து, ஈரமாகவே அன்றன்றைய தீவனத்தில் கலந்துவிடலாம். தட்டில் மிச்சம் விழக் கூடாது, சாயங்காலத்துக்குள் கெட்டுவிடும்.

அதையும் எல்லாப் பிராணிக்கும் செய்ய வேண்டியதில்லை. மாட்டுக்குச் செய்வது சுத்த வீண். மாட்டின் முதல் வயிறே ஒரு பெரிய புளிப்பு டிரம். அங்கே புரதம் சீக்கிரம் உடைந்துவிடுகிறதே என்றுதான் மாட்டுத் தீவனக்காரர்கள் கவலைப்படுகிறார்கள், நாம் முன்கூட்டியே உடைத்துக் கொடுப்பது எதிர்த்திசை. தவிட்டிலும் நிலக்கடலைப் புண்ணாக்கிலும் வளர்கிற ஐராவதி முகத்துவாரத்து ரோகு மீனுக்கும் இந்தச் செலவு கட்டாது. முட்டையிடுகிற கோழிக்கும், நாலைந்து மாதமான பன்றிக்கும் நன்றாக வறுத்த சாதாரணப் புண்ணாக்கே போதும். அதுகளின் குடல் முதிர்ந்துவிட்டது. காசு மிச்சமாவது குடல் இன்னும் பழுக்காத வயதில்: பால் மறந்த குட்டிக்கும், முட்டை உடைத்து வந்த முதல் பத்துப் பதினைந்து நாள் குஞ்சுக்கும். அப்போதும் மொத்தத் தீவனத்தில் நூற்றுக்கு 5 முதல் 10, மீன்தூளின் இடத்தில். அந்த வயதில் ஒரு குஞ்சு தின்பதே கொஞ்சம் என்பதால் செலவும் கொஞ்சம்.

மாமாவின் டிரம்முக்கு வருகிறேன். அன்று திறந்தபோது வந்தது தோசை மாவு வாசனை, கொஞ்சம் பழவாடையோடு. புளித்திருக்கிறது என்றேன். குஞ்சுகளுக்குப் போட்டார், தின்றன. அதற்கடுத்த மாதம் நல்ல மழை. டிரம் மூடியின் ரப்பர் வளையம் எங்கோ கிழிந்து காற்று உள்ளே போயிருக்கிறது. திறந்ததும் சந்தையில் முகர்ந்த அதே பெபொக் வாடை. கையில் எடுத்தால் நூலாக இழுபட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கரேன் அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, இதைக் கெட்டது என்று யார் சொன்னது, ஷான் வீட்டில் இதற்காக இரண்டு நாள் காத்திருப்பார்கள் என்று சிரித்தார். மாமா என்னைப் பார்த்தார். வேகவைத்த பயறில், தெரிந்த கிருமியால், தெரிந்த கையால் வந்திருந்தால் அது பெபொக். மூடி வைத்துப் புளிப்பு வர வேண்டிய டிரம்மில், கூட என்னென்ன நுழைந்தது என்று தெரியாமல் வந்தது அதே வாடையாக இருந்தாலும் குஞ்சுக்குக் கொடுக்கிற சரக்கு இல்லை. எட்டு வீசை. வாழைக்குப் போட்டு மண்ணால் மூடினார். மறுநாள் காலையில் சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்று வாங்கி வந்து, வளையமாக வெட்டி மூடிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார்.